தனகோடியின் பாத்தி

மரக்காணம் உப்பளத்தில் காலையில் மேஸ்திரி ஆம்பளைப் பெயரை மட்டும்தான் கூப்பிடுவார். "தனகோடி" என்றால் தனகோடியும் அவன் பெண்டாட்டி அமராவதியும் என்று அர்த்தம். அவன் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பான். அவள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். ஜோடியாக வந்தால்தான் வேலை. அமராவதி என்ற பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு வயிறும் வாடாமல் இருந்தால் போதாதா?

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தது. சுனாமிக்கு லாரி லாரியாக அரிசியும் போர்வையும் இறக்கினவர்கள் ஒருத்தரும் இந்தக் காய்ச்சலுக்கு எட்டிப் பார்க்கவில்லை. கொசு கடித்து முட்டி வீங்கினால் யார் வந்து போட்டோ எடுப்பார்கள்? தெருவே கூன் போட்டு நடந்தது. தனகோடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனான். அவனுக்குச் சோற்றை அவளே ஊட்டிவிட்டாள்.

அப்போது ஆடி பிறந்திருந்தது. மழை இறங்கிவிட்டால் உப்பளத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் சம்பாதித்தால்தான் ஐப்பசி கார்த்திகையைத் தள்ள முடியும். பாத்தியைச் சும்மா விட்டாலோ வேறு ஜோடி வந்து நின்றுவிடும். அமராவதி தனியாகவே கிளம்பிப் போனாள்.

"நீ மட்டும் வந்து இன்னா பண்ணுவ?" என்றார் மேஸ்திரி பாவாடை.

"அவுரு பலகைய நானே போடறேங்க. கூடையும் நானே தூக்கறேன். அவுரு பேர மட்டும் எடுத்துடாதீங்க. நீங்க கூப்புட்டா நான் கொரலு குடுக்கறேன்."

பாவாடை தாடையைச் சொறிந்தார். பாதி ஆட்கள் படுக்கையில் கிடந்தார்கள். உப்பு அள்ளாமல் கிடந்தால் முதலாளி அவரைத்தான் கிழிப்பார். ஆள் வராமல் பேர் ஓடுவது தெரிந்தாலும் அவரைத்தான் கிழிப்பார், ஜோடியையும் சேர்த்து விரட்டிவிடுவார்.

"மொதலாளி வந்தா, தனகோடி டீ குடிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

காரியத்தைச் சாதித்துவிட்டதாக அவளுக்கு ஒரே பெருமை. தன் உழைப்பைத் தன் வாயாலேயே இன்னொருவர் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று அப்போது தோன்றவில்லை, பாவம்.

"தனகோடி" என்றதும் "தோ வரேங்க" என்பாள். வெறும் பாத்திகளுக்கு நடுவே அவள் ஒருத்தி. பலகையை இழுக்க இழுக்க முழங்கை கழன்றுவிடும் போலிருந்தது. பாதத்து வெடிப்பில் உப்புத்தண்ணீர் புகுந்து எரிந்தது. மத்தியானம் வரப்பில் குந்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். பேச ஆளில்லாமல் கூடையோடு பேசினாள். ஒரு நாள் ராத்திரி தனகோடி படுத்தபடியே, "கை நோவுதா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அந்த மாதத்தை ஓட்டிவிட்டாள்.

அவன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவள் விழுந்தாள்.

"ஜோடி இல்லாம எப்படிப் போறது? பொன்னியக் கூட்டிகினு போறேன்" என்றான் தனகோடி. "நீ எழுந்து வந்ததும் அவள நிறுத்திடலாம்."

பொன்னி அதே தெருக்காரி. புருஷன் செத்த நாளிலிருந்து, சேர்ந்து போக ஆம்பளை இல்லாததால் உப்பளத்தில் அவளுக்கு வேலையில்லை. அவளுக்கும் வயிறு இருக்கிறதே. "கூட்டிகினு போங்க" என்று அமராவதியே சொன்னாள்.

தலைமாட்டில் கஞ்சி வைத்துவிட்டுத்தான் போவான், குறை சொல்லக் கூடாது. மூடிய தட்டைத் தூக்கத்தான் அவள் விரல் மடங்கவில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடும். ஊட்டிவிட ஒரு கை இல்லையே என்று வாய்விட்டு அழுதாள். கேட்கத்தான் ஆளில்லை.

ஆவணிக் கடைசியில் கையில் கொஞ்சம் பலம் வந்தது. பொன்னியை நிறுத்தச் சொல்ல மனம் ஒப்பவில்லை. தனக்கென்று ஒரு பாத்தி கேட்கலாம் என்று உப்பளத்துக்கு நடந்தாள். பாத்திக்குப் பாத்தி ஆட்கள் நின்றார்கள். பாவாடையைப் பார்த்ததும் ஆவலாகச் சொன்னாள்:

"எனக்கும் ஒரு பாத்தி குடுங்க. ஜோடி வாணாம். நானே பலகை போடறேன். ஆடி மாசம் பூரா நான்தான போட்டேன்?"

உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து முதலாளி வந்தார். அவர் அங்கே இருந்ததை அவள் பார்க்கவில்லை.

"யாரு பலகை போட்டது?" என்றார்.

பாவாடைக்கு முகம் வெளிறிவிட்டது. "இல்லீங்க, தனகோடி ஒரு நாளு கூட தப்பாம வந்தாங்க."

முதலாளி, பக்கத்துப் பாத்தியில் பலகையோடு நின்ற தனகோடியைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

தனகோடி அமராவதியைப் பார்த்தான். கூடையோடு நின்ற பொன்னியைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு, "நான்தாங்க போட்டேன்" என்றான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பாத்தி போயிருக்கும். அவன் சொன்ன பொய் அவள் சோற்றுக்கும் சேர்த்துத்தான். அது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

"காய்ச்சல் அடிச்ச ஒடம்பும்மா, ஏதேதோ தோணும்" என்றார் முதலாளி, இரக்கமாகவே. "வீட்ல போயி ரெஸ்ட் எடு."

பொன்னி வரப்பை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். ஆள் அரவமில்லாத அந்த ஆடி மாதத்தில்கூட அமராவதி இவ்வளவு தனியாக இருந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.