கித்தா மரத்துக்குப் பக்கத்தில்

எண்பத்து மூன்றில் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழும்பிவிட்டது. புக்கிட் ரோத்தான் டவுன் வரைக்கும் குழாயில் தண்ணீர் வருமாம். வரட்டும், வயிறு நிறையக் குடிக்கட்டும். அதற்காக அமராவதி வேலை பார்த்த ரப்பர் தோட்டம் முழுக வேண்டும். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விட்டு வந்தபோதுகூட அவள் அழவில்லை. இடுகாடும் முழுகும் என்றதும்தான் அழுதாள். எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போன மகள் கங்கா அங்கேதான் கிடக்கிறாள்.

சொந்தக்காரர்கள் வந்து குழியைக் காட்டினால் தோண்டியெடுத்துப் புது இடத்தில் புதைத்துத் தருவார்களாம். காட்டாததெல்லாம் தண்ணீருக்கு.

எதைக் காட்டுவாள்? பொம்பளை இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கு அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். புருஷன் உடையப்பன்தான் பிள்ளையைத் தூக்கிப்போனான். திரும்பி வந்தவனிடம் எங்கே என்று கேட்டாள். "கித்தா மரத்துக்குப் பக்கத்துல" என்றான். அட பாவி மனுஷா, ரப்பர் தோட்டத்தில் ரப்பர் மரமும் ஓர் அடையாளமா! மேலே கேட்டால் உடைந்துவிடுவான் என்று விட்டுவிட்டாள். அவனும் போன வருஷம் போய்ச் சேர்ந்தான்.

இப்போது போய்ப் பார்த்தால் மரங்களும் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். எங்கும் அடிக்கட்டைகள்.

"எதுன்னு சொல்லுங்கக்கா. லோரி காத்துக்கிட்டு இருக்கு லா" என்றான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தனபாலன்.

அவள் கட்டைக்குக் கட்டை குனிந்து, "கங்கா, கங்கா" என்று கூப்பிட்டாள். பேச்சு வருமுன்னே போன பிள்ளை என்ன பதில் சொல்லும்?

தனபாலனுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு கட்டையடியில் மண் அள்ளிச் சட்டியில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டிக் கொடுத்தான். "இதையே பாப்பான்னு நெனச்சுக்குங்க."

வழி முழுக்க அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள். பொய்தான் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, கைக்கு அதுதானே கிடைத்தது.

புது இடுகாடு எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. கொழுந்தன் வீரன் சட்டிக்குக் கை நீட்டினான்.

"நானும் வரேன் தம்பி."

"அங்க தோண்டிப்போட்ட எடம், பரவால்ல. இது பூசை போட்ட எடம். பொம்பளைங்க வரக்கூடாது அண்ணி."

ஆண்கள் உள்ளே போனார்கள். அவள் லோரியடியில் நின்றாள். வெகுநேரம் கழித்து வீரன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"எங்க தம்பி வச்சீங்க?"

"உள்ளதான் அண்ணி. செம்பனை மரத்துக்குப் பக்கத்துல."

அமராவதி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரைக்கும் செம்பனைதான்.