சோமாய் சொல்லாத சொல்

நோட்டு வைத்திருப்பவர்களைக் கண்டாலே சோமாய்க்கு ஆகாது. நாற்பத்து நாலாம் வருஷம், நம் மலைக்காரப் பல்கார் சனம் முழுவதையும் ரயிலேற்றி நாடு கடத்திய சிப்பாய்களும் நோட்டோடுதான் வந்தார்கள். நால்சிக் நகரத்திலிருந்து வந்திருக்கும் கோஷாயாக் நம் சனம்தான், ஐம்பது வயதுக்காரி. நம் பேச்சில் சொல்லுக்குச் சொல் என்ன வால் முளைக்கிறது என்று எழுதப்போகிறாளாம்.

“பெரியவரே, ‘என் குதிரை’ சொல்லுங்க. அப்புறம் ‘என் குதிரைக்கு’, ‘என் குதிரைகிட்டேருந்து’…”

“எங்கிட்ட ஏது குதிரை? சொந்தக் குதிரை வச்சிருக்கேன்னு கூட்டுப்பண்ணைத் தலைவன் காதுல விழுந்தா உள்ள வச்சிடுவான். கழுதைன்னு எழுது.”

சிரித்துக்கொண்டே எழுதினாள். கழுதை முடிந்தது, வீடு முடிந்தது. அடுத்தது மகள்.

“உன் மகள். அவன் மகள். அவங்க மகள்.” மளமளவென்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

“‘என் மகள்’ விட்டுப்போச்சே?”

“அது வேணாம்.”

அவளுக்குப் புரிந்தது. பெரியவர்கள் முன்னால் பெற்ற பிள்ளையை ‘என்னுது’ என்று சொல்வது ஆண்பிள்ளைக்கு வெட்கக்கேடு. “இங்க உங்களுக்குப் பெரியவங்க யாரு இருக்கா?”

“அன்னிக்கி ரயில்ல இருந்தாங்க.”

கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஏதோ ஒரு ஸ்டேஷன். பிள்ளையோட அம்மா தண்ணி பிடிக்க இறங்கிட்டா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்களைப் பிரிச்சு எடுக்க ஒரு சிப்பாய் ஏறினான். பிள்ளை கதவுகிட்ட நின்னு அழுதுட்டிருந்தா, நாலு வயசு. ‘இது யார் பிள்ளை?’ன்னான். எதிர்ல என் மாமனார், அவரோட அண்ணன், ஊர்ப் பெரியவங்க. அவங்க சொல்லுவாங்கன்னு நான் பார்த்தேன். நான் சொல்லுவேன்னு அவங்க பார்த்தாங்க. அவன் தூக்கிட்டு இறங்கிட்டான். குதிச்சு ஓடினேன். துப்பாக்கிக் கட்டையால அடிச்சு உள்ள தள்ளினாங்க. அப்புறம்தான் அவ அம்மா தண்ணியோட வந்தா.”

“தேடலியா?”

“நாடு கடத்தின இடத்துல இருந்த பதிமூணு வருஷமும் தேடினோம். யார் பேர்ல எழுதி வச்சிருந்தாங்களோ.”

கோஷாயாக் நோட்டை மூடப்போனாள். சோமாய் தடுத்தார்.

“என் மகள். என் மகளோட. என் மகளுக்கு. என் மகளை. என் மகள்கிட்ட. என் மகள்கிட்டேருந்து.” அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்தார். “வேற?”

“நம்ம பேச்சுல ஆறுதான், பெரியவரே.”

“அவ்வளவுதானா?”

மறுபடி முதலிலிருந்து சொன்னார், பக்கத்து முற்றத்துக் கிழவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.