சாட்சிக் கையெழுத்து

அன்று காலையில் ராக்காயி தாலியைக் கழற்றி மைலோ டின்னுக்குள் போட்டு மூடினாள். புருசன் உயிரோடு பக்கத்து அறையில் தலை சீவிக்கொண்டிருக்கும்போதே. எல்லாம் அவள் போட்ட திட்டம்தான். யாரை நொந்துகொள்வது?

எழுபதாம் வருசம், வேலை பெர்மிட் கிடைக்காமல் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தை விட்டு அப்பாவும் அம்மாவும் தமிழ்நாட்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். எட்டு வயதுத் தங்கச்சி இருளாயியும் அவர்களோடு போனாள். முந்தின வருசமே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஜெயபாலனைக் கட்டிக்கொண்டதால் ராக்காயி மட்டும் தங்கினாள். இத்தனை வருசமாகியும் பிள்ளை கிடையாது. பெற்றவர்கள் இருவரும் அங்கே இறந்துபோன பிறகு, இந்த எண்பத்தாறில்தான் இருளாயி மூன்று மாத விசிட் பாஸில் வந்து இறங்கினாள். இங்கே பிறந்தவள்தான். பிறப்புப் பத்திரம் எடுக்காத பெற்றோர் புண்ணியத்தில் சர்க்காருக்கு அவள் அந்நியப் பெண். திரும்பிப் போனால் ஒண்ட ஒரு குடிசைகூட இல்லை.

உள்ளூர்க்காரனைக் கட்டினால் நிரந்தரமாகத் தங்கலாம் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், ராக்காயிக்கு யோசனை உதித்துவிட்டது. அவள் கோயில் கல்யாணம் எந்த ஆபீஸிலும் பதியப்படவில்லை. காகிதத்தில் ஜெயபாலன் இன்னும் பிரம்மச்சாரி!

"பேப்பர்லதானே லா. அவளுக்கு நெரந்தரமா தங்குற செவப்பு ஐ.சி. கெடைச்சதும் ரத்து பண்ணிக்கலாம்."

"ஒன்னைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்" என்று குதித்தான் ஜெயபாலன். மறுநாளே சரி என்றான். அது சற்று அவசரமான சம்மதம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

தாலியைக் கழற்றிய அன்று ஈப்போ பதிவு ஆபீஸில், மாப்பிள்ளைக்கு வேறு மனைவி இல்லை என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. விவரம் தெரிந்த தோட்டத்து ஆட்கள் யார் வருவார்கள்? ராக்காயியே கையெழுத்துப் போட்டாள். என்ன உறவு என்று கேட்டதற்குப் பெண்ணின் அக்கா என்றாள். அதில் ஒன்றும் பொய்யில்லை.

அடுத்த மாதம் குடிநுழைவு ஆபீஸில் நேர்காணல். மூவரும் போனார்கள். அதிகாரி நல்ல மனுசன்தான். கல்யாணப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: ஒரு வருசப் பாஸ் தருகிறேன், வருசா வருசம் கணவனோடு வந்து புதுப்பிக்கவேண்டும், வீட்டுக்கும் ஆள் வந்து பார்ப்பார்கள். பொய்க் கல்யாணங்கள் பெருகிவிட்டனவாம். குழந்தை பிறந்து அதன் பத்திரத்தையும் கொண்டுவந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், காரியம் சீக்கிரம் முடியும். இல்லையென்றால் கஷ்டம்தான்.

இருளாயிக்குச் சின்ன வயசு மலாய் அடியோடு மறந்து போயிருந்தது. வெளியே வந்து படியிறங்கும்போது பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, என்ன சொன்னாரு?"

"ஒரு வருசம் குடுத்திருக்காரு. அடுத்த வருசம் மறுபடி வரணுமாம்."

"பொறவு விட்டுருவாங்களா? திருப்பி அனுப்பிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெயபாலன் நின்று திரும்பினான். அவன் பார்வை ராக்காயியைத் தாண்டி இருளாயி மேல் போய் நின்றது.

"முழுசாச் சொல்லு, ராக்காயி" என்றான்.

பதினேழு வருசத்தில் அவளிடம் அவன் இவ்வளவு தயவாகப் பேசியதே இல்லை. ராக்காயி தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், அதிகாரி சொன்னதைக் குழந்தைப் பேச்சு வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.