வெறுங்காலில் எடுத்த அளவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மட்டையோடு இனாமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தாழ்ப்பாள்களுக்கும் காதறுந்த வாணலிகளுக்கும் நடுவில் ஒரு கோல்ஃப் மட்டை கிடந்தது. எனக்குக் கோல்ஃப் தெரியாது, கொய்யாமரம் தெரியும். காய் தட்ட ஆகுமென்று கையில் எடுத்தேன். குட்டையாக இருந்தது. சிக்பேட்டை ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் சரக்கில் குறை கண்டால் முகத்தைச் சுளிப்பான், மனசுக்குள் சிரிப்பான்.

"இது என்னய்யா, துரையோட மட்டையா, துரை வீட்டுக் கொழந்தையோட மட்டையா?" என்றேன்.

விற்றவன் அசரவில்லை. "அது ஆஸ்டின் டவுன் பிரிஜெட்டம்மா கைவேலை சார். குட்டையா இருக்குதுன்னா அதுக்கு ஒரு கதை கீது. கதைய கேட்டுட்டு வெலைய சொல்லுங்கோ."

கேட்டேன். கேட்டபின் அவன் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் வம்சத்தில் அப்படி நடந்ததே கிடையாது. வீட்டில் சொல்லவில்லை; நீங்களும் சொல்லவேண்டாம்.

(அவன் சொன்னது பாதி, என் சரக்கு பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். எந்த வியாபாரி சொல்வான்?)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலேறியபோது இந்த நகரத்தில் அவன் விட்டுச்சென்ற —"

வேண்டாம். பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது.

"பிரிஜெட்டின் கண்கள் —"

கண்ணால் இரும்பை வளைக்க முடியாது. அடித்துவிட்டேன்.

"ஆம்ப்ரோஸின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது."

இது தேவலை. இங்கிருந்தே போவோம்.

ஆம்ப்ரோஸ் பிரிஜெட்டின் புருஷன். ஹை கிரவுண்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு கோல்ஃப் மைதானத்தில், ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவன் பிழைப்பு. பை என்றால் நம் காய்கறிப் பை அல்ல. உள்ளே ஒரு இரும்புக்கடையே இருக்கும். கோயிலில் மோதிரம் மாற்றும்போது விறைப்பாக நின்றவன், இந்தக் கதை நடக்கிற ஐம்பத்தொன்பதில் சட்டையைக் கழற்றவே பெண்டாட்டியைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

பிரிஜெட்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிளப் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. அது கிடைத்தால் மட்டைக் கடையை அங்கே வைக்கலாம், ஆம்ப்ரோஸை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துப் பிடிக்குத் தோல் சுற்றச் சொல்லலாம். அதன்பிறகு அவன் தோள்மேல் துண்டைத் தவிர வேறெதுவும் ஏறக்கூடாது. சாவி கிளப் செக்ரட்டரி மேஜரிடம் இருந்தது.

துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது தள்ளிவிட்ட மட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போட்டவள் பிரிஜெட். பிறகு வெளிநாட்டுச் சரக்குக்குச் சர்க்கார் கெடுபிடி வந்தது. மட்டை வேண்டும் என்றவர்கள் அவள் வாசலுக்கு வந்தார்கள். ஆறடி ஆளின் மட்டை ஐந்தரையடி ஆளுக்கு எப்படி ஆகும்? ஆக்கிக் காட்டினாள். தண்டை அறுப்பாள், தலையில் ஈயம் வைப்பாள், கழுத்தை இடுக்கியில் கவ்வி வளைப்பாள். எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு: ஆளை நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரைக்கும் டேப் பிடிப்பாள்.

"ஸ்டிக்கு உங்களுக்குத் தக்க இருக்கணும் சார். நீங்க ஸ்டிக்குக்குத் தக்க குனியக் கூடாது" என்பாள்.

வந்தவர்கள் எல்லாம் பட்டாளத்து ஆபீசர்கள், ஊரிலேயே தங்கிவிட்ட சில துரைகள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே டேப்பைக் கையில் எடுத்துவிடுவாள். அவள் அளவு ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

3

கோவிந்தப்பா விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் அவரை வங்கி அதிகாரியாக எழுதினேன். மனிதர் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஊதுபத்தி முதலாளியாக மாற்றினேன். உடனே பேச ஆரம்பித்துவிட்டார்; நான்தான் நிறுத்தவேண்டியதாயிற்று.

புது கோல்ஃப் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். தடித்த அடி, அதில் ஆணி. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.*

"ஏனம்மா, பிரிஜெட் நீங்கதானா? ஒரு செட்டு வேணும். நல்லா தூக்கி அடிக்கிற மாதிரி."

"உக்காருங்க சார். இல்ல, உக்காராதீங்க. நில்லுங்க, அளவெடுக்கணும்."

"மொதல்ல வெலை."

"அளவுக்கப்புறம் வெலை."

"வெலை தெரியாம அளவு குடுத்தா நான் வியாபாரியா?"

"வெலைய சொல்லிட்டு அளவெடுத்தா நான் வியாபாரியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜோடி சரிதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கையைத் தொங்கவிட்டு நின்றார்.

டேப் தரையைத் தொடும்போது விஷயத்தை உடைத்தார். "ஞாயித்துக்கெழம மேஜரோட மேட்ச். என்னை ஜெயிச்சு ஜெயிச்சு அவருக்குப் பேஜாரே வந்துடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு வைங்க, ஆம்ப்ரோஸ் சொன்னாரே, உங்க ரூமு விஷயம், அதை நானே அவருகிட்ட மாத்தாடறேன். அவரு என் பேச்சைக் கேப்பாரு."

"தோத்துட்டா?"

"அப்பவும் உங்க பேரைச் சொல்வேன். ஊரெல்லாம் சொல்வேன். எப்படிச் சொல்வேன்னு உங்களுக்கே தெரியும்."

* கடை என்றாலும் அது வீட்டின் முன்னறை. சிமெண்டுத் தரை பளபளவென்று இருந்தது. சுவரில் மாதா படம், அதன்முன் ஒரு விளக்கு. கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊர்க்காரருக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா?

4

செட் போயிற்று. இரண்டொரு நாளில் ஆம்ப்ரோஸ் சேதியோடு வந்தான்.

"பிரிஜெட், அந்த ஊதுபத்திக்காரரு அடிச்சா பந்து மேல எழும்பவே மாட்டேங்குது. எலி மாதிரி தரையிலயே ஓடுது. பந்தோட உச்சந்தலையிலதான் தட்டறாரு."

"அவருக்கு ஆடத் தெரியல."

"பழைய ஸ்டிக்குல எழும்புச்சே?"

சனிக்கிழமை கோவிந்தப்பாவே வந்தார். காரைவிட்டு இறங்கும்போதே சத்தம். ஷூவைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா செட்டு இது? மேஜர் சிரிக்கிறாரு. வாயை மூடிட்டு சிரிக்கிறாரு, அதுதான் தாங்கல."

மறுபடி நிற்கவைத்தாள். மறுபடி டேப். அதே அளவு. மட்டையை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

"அளவு சரியா இருக்குது சார். உங்க முதுகுதான் தப்பு."

"என் முதுகு நாப்பத்தெட்டு வருஷமா என்கூடவே இருக்குது, அது தப்பு பண்ணாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். எழுந்து நின்றார்.

(இங்கேதான் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்தேன். நீங்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். பரவாயில்லை. பிரிஜெட் கண்டுபிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.)

உள்ளே நின்றபோது அவர் உச்சந்தலை கதவுத் தாழ்ப்பாளுக்கு நேராக இருந்தது. இப்போது தாழ்ப்பாள் அவர் நெற்றிக்கு நேரே இருந்தது. மனிதர் வாசலில் வளர்ந்துவிட்டார்.

பிரிஜெட்டின் கையில் டேப் தானாகச் சுருண்டது. இத்தனை நாள் அவள் அளந்தவர்கள் எல்லாரும் பூட்ஸோடு உள்ளே வந்தவர்கள். துரைக்கு யார் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொடுத்தது? பூட்ஸோடு அளந்தாள், பூட்ஸோடு ஆடினார்கள். இந்த மனிதர் மரியாதைக்குக் கழற்றினார். அந்த மரியாதையின் உயரத்துக்கு மட்டை குட்டையாகிவிட்டது. விடிந்தால் மேட்ச். ஒவ்வொரு மட்டையாகத் தோலைப் பிரித்து, தண்டில் கட்டை சொருகி, நீட்டித் திரும்பச் சுற்ற நேரமில்லை.

அவர் இரண்டாவது ஷூவின் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்த நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. அது போதும்.

"சார், ஒரு நிமிஷம். இந்தச் செட்டுக்கு அந்த ஷூ ஆகாது."

"ஹா?"

உள்ளே போய் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைக் கொண்டுவந்தாள். தட்டை ரப்பர் அடி, அப்பளம் மாதிரி. ஆம்ப்ரோஸ் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போட்டுக்கொள்வது.

"இதென்னம்மா, இஸ்கூல் புள்ளைங்க ட்ரில்லுக்குப் போடறது?"

"கால் மண்ணைத் தொட்டாத்தான் சார் ஸ்டிக்கு கேக்கும். ஆணி ஷூவுல நீங்க மெத்தை மேல நிக்கிறீங்க. அளவு எப்படி எடுத்தேனோ அப்படித்தானே ஆடணும்?"

கவனியுங்கள்: இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எங்கள் தெருவில் இதைத் திறமை என்பார்கள்.

"இதுக்குத் தனி வெலையா?"

"செட்டோட சேத்தி சார்."

தனி விலை இல்லை என்றதும் கோவிந்தப்பாவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு போனார்.

கார் சத்தம் அடங்கியதும் ஆம்ப்ரோஸ் சொன்னான்: "தப்பு நம்மதுன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லிட்டு? ரூமு?"

"என் தோளு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்."

"உன் தோளு தாங்கும். பாக்கறவளுக்குத் தாங்கல." டேப்பைச் சுவரில் மாட்டிவிட்டு, "நாளைக்குப் பூசைக்குச் செருப்போட வா. சாமி அளவெடுக்க மாட்டாரு" என்றாள்.

5

மேட்சை விஸ்தாரமாக எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டு, "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் —" என்று ஆரம்பித்து, கொய்யா தட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று விட்டுவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பனி ஈரத்தில் கோவிந்தப்பா ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தார். மற்றபடி பந்து எழும்பியது. எழும்பி, போகவேண்டிய பக்கமே போயிற்று. கடைசிக் குழியில் மேஜரின் பந்து விளிம்பில் நின்று யோசித்தது. கோவிந்தப்பாவின் பந்து யோசிக்கவில்லை, விழுந்தது.

மேஜர் கைகுலுக்கினார். ஆனால் பார்த்ததெல்லாம் கீழே, அந்தக் கேன்வாஸ் ஷூவை.

மேஜருடைய பூட்ஸைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். யுத்தத்துக்குப் பிறகு அவர் கால் வீங்கிப்போய், அந்த ஆணி பூட்ஸைத் தவிர வேறெதுவும் ஏறுவதில்லை. மைதானத்தில் அவரை வேறொன்றில் பார்த்தவர் கிடையாது. கேன்வாஸ் எல்லாம் அவர் காலுக்கு நடக்காது. (ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல.)

6

திங்கட்கிழமை சாயங்காலம் மேஜரும் கோவிந்தப்பாவும் ஆஸ்டின் டவுனுக்கு வந்தார்கள். ஆம்ப்ரோஸ் மூலையில் தோல் ஊறவைத்துக்கொண்டிருந்தான். மேஜர் வாசலிலேயே நின்று பாக்கெட்டிலிருந்து அந்த அறைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"பிரிஜெட், நமக்கும் ஒரு செட் பண்ணு. கோவிந்தப்பாவுக்குப் பண்ணின மாதிரியே. அதுலே நான் நல்லா ஆடினா, சாவி உன்னுது. ஆடலேன்னா, சாவி என் பாக்கெட்."

"அப்படியே ஆகட்டும் சார், உள்ள வாங்க" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கோவிந்தப்பா இன்னும் ஆம்ப்ரோஸின் ஷூவில்தான் இருந்தார்; திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் தெரியவில்லை. அதை வாசலில் கழற்றிவிட்டு, கையை நீட்டி மேஜரை மறித்தார்.

"மேஜர் சாப், பூட்ஸ் வெளிய! இங்க எல்லாம் வெறுங்கால் அளவு. அதுதான் இந்தம்மாவோட ரகசியமே. அளவை நான் மனசுல வச்சுக்கறேன். செட்டு வந்ததும் இதே மாதிரி வெறுங்கால்ல நிக்கவச்சு நானே சரிபாக்கறேன்."

மேஜர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

7

முடிவு அ. பிரிஜெட் "வேண்டாம் சார், பூட்ஸோடவே வாங்க" என்கிறாள். எழுதிப் பார்த்தேன். கோவிந்தப்பா மேஜரின் பூட்ஸைப் பார்க்கிறார், தன் காலைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். மூன்று பார்வையில் கணக்கு முடிந்தது. இவ்வளவு பக்கம் அவரோடு பழகிய எனக்குத் தெரியும்: நஷ்டத்தை மன்னிப்பார், தோல்வியை மன்னிப்பார், ஒருத்தி தன்னிடம் சாமர்த்தியம் காட்டிவிட்டாள் என்பதை —

முடிவு ஆ. அவள் பேசாமல் வெறுங்காலை அளக்கிறாள். பூட்ஸோடு ஆடும் மேஜரின் பந்தும் எலியாகிறது. சாவி பாக்கெட்டுக்குத் திரும்புகிறது.

புத்திசாலி வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார்: வெறுங்காலில் அளந்துவிட்டு, பூட்ஸ் உயரத்தைக் கமுக்கமாகக் கூட்டிக்கொள்ளலாமே? பலே. நீங்கள் சிக்பேட்டையில் கடை போடலாம். ஆனால் சரிபார்க்க ஒருவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே, கேட்கவில்லையா?

முடிவு இ. ஆம்ப்ரோஸ் மூலையிலிருந்து எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறான். இதை ஆசையாகத்தான் எழுதினேன். பிரிஜெட் என்னைப் பார்த்த பார்வையில் தாளைக் கிழித்துவிட்டேன். 'என் கடை, என் டேப், என் தப்பு. நீ யாரு, அவன் வாயில போட?' என்று கேட்பதுபோல் இருந்தது. நியாயம்தான்.

என்னிடம் இருக்கும் மட்டையையாவது பார்ப்போமே என்று எடுத்துப் பார்த்தேன். குட்டைதான். கோவிந்தப்பாவுடையது என்றால் ஒன்றும் தெரியாது. மேஜருடையது என்றால், அவள் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். யாருடையது என்று சந்தைக்காரனைத் திரும்பப் போய்க் கேட்டேன். "அதைச் சொன்னா வெலை ஏறும் சார்" என்றான். ஒருதரம் கேட்ட விலையைக் கொடுத்தவன் நான். இரண்டாவது தரம் கொடுத்தால் எங்கள் தாத்தா கனவில் வருவார். திரும்பிவிட்டேன்.

ஆகவே இது உங்களுக்குத் தக்க அறுத்துக்கொள்ளவேண்டிய முடிவு. நான் தண்டைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன். நீங்கள் இந்தக் கதைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்களா, போட்டுக்கொண்டே வந்தீர்களா என்பது எனக்குத் தெரியாது.

பிரிஜெட் டேப்போடு நிற்கிறாள். மூலையில் ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்க்கிறான்; வலது தோள் இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது. வாசலில் அவனுடைய கேன்வாஸ் ஷூ கிடக்கிறது. மேஜர் முதல் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அவள் என்ன சொல்லவேண்டும், சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வயதான மனுஷர், ஒற்றைக் காலில் நிற்கிறார்.