வளைவில் இருந்த வீடு

தெருக்களிலிருந்து வெட்டிய வளைவுகளைப் பூவலிங்கம் மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். காய்ந்துபோனால் வளைவுகள் முறுக்கிக்கொண்டு மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வேலையில் வேறு தொந்தரவு கிடையாது.

அவர் இருந்தது எடைக் குறைப்புப் பிரிவு. ஊர் வரைபடம் ஜனங்களின் செல்போனுக்குள் போக வேண்டியிருந்தது. வரைபடமோ கனமானது. சட்டைப்பையில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்தே நடந்தார்கள். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைகள் சாய்ந்து நின்றார்கள். ஆகவே தெரு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் வளைவை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் இழுத்து ஒட்டிவிடச் சொல்லி உத்தரவு. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். வளைவுக்குப் புள்ளி நிறைய வேண்டும். புள்ளிதான் எடை.

பூவலிங்கம் இதில் கெட்டிக்காரர். அவர் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. போன வருஷம் அதற்காக ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதையும் எடை குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

புதன்கிழமை காலை அவருடைய தங்கை செண்பகவல்லி போன் செய்தாள்.

"அண்ணே, வாசக்கதவத் தொறந்தா தெருவக் காணும்."

"அப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்கு. கோலம் போடப் போனேன். மாவு கீழ விழாம அந்தரத்துல நிக்குது."

"பக்கத்து வீட்டுல கேட்டியா?"

"அவுகளும் எங்கிட்ட அதத்தான் கேக்காக."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். மூன்று வருஷமாக அப்படித்தான் இருந்தார்கள். தங்கை புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, மச்சான் முத்துக்காளை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். பூவலிங்கத்துக்கு முதல் பந்தியில் இலை இல்லை. இரண்டாம் பந்தியில் உட்காரலாம் என்று யாரோ சொன்னார்கள். பூவலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதில் குறைச்சல் இருந்தாலும் மனுஷனுக்கு ரோசத்தில் குறைச்சல் இல்லை.

"இன்னைக்கு நம்ம பாப்பா கனிஷ்காவுக்குக் காதுகுத்து. பத்திரிகை வந்துச்சுல்ல?" என்றாள் செண்பகவல்லி.

"வந்துச்சு."

"பத்தர் நேத்தே வந்து தங்கிட்டாரு. தாய்மாமன் மடியில வச்சாத்தான் ஊசியத் தொடுவேன்னு சொல்லுதாரு. நீ வருவேல்ல?"

பூவலிங்கம் கூடையைப் பார்த்தார். மேலாக ஒரு வளைவு கிடந்தது. நேற்று வெட்டியது, இன்னும் ஈரம் காயவில்லை. அதன் ஓரத்தில் அரைக் கோலம் ஒன்று தெரிந்தது. அழுக்கென்று நினைத்து அவர்தான் நேற்றுத் துடைத்திருந்தார். பாதிதான் போயிருந்தது.

"வாறேன்" என்றார்.

அவருக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தங்கையின் தெருவை வெட்டிவிட்டோமே என்பதுகூடப் பெரிதில்லை. வெட்டும்போது அது தங்கையின் தெரு என்று தெரியவில்லையே, அதுதான் குடைந்தது. ஒரே ஒரு தரம் போன வீடு. அதுவும் சாப்பிடாமல் வந்த வீடு.

சூப்பிரண்டு மங்களேஸ்வரி மேடத்தைப் பார்க்கக் கிளம்பினார். அலுவலகத்து நடைவழியையும் போன மாதம் நேராக்கிவிட்டார்கள். முன்பு இரண்டு திருப்பத்தில் வந்துவிடும் அறை, இப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் பொட்டாகத் தெரிந்தது. போய்ச் சேர்வதற்குள் பசித்துவிட்டது. மேடம் ஒரு செல்போனைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வளைவத் திரும்பச் சேக்கணும் மேடம்."

"வெட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நல்லாத்தான் வெட்டியிருப்பீங்க."

"அதுல என் தங்கச்சி வீடு இருக்கு."

"தங்கச்சிய நேரான தெருவுக்கு வரச் சொல்லுங்க."

"வர்றதுக்குத் தெரு இல்ல மேடம்."

மேடம் யோசித்தார். கெட்டவர் இல்லை. "எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க" என்றார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாங்க. பாலம் ரொம்ப கனம்." தராசிலிருந்து போனை எடுத்துத் துடைத்து வைத்தார். "நான் சேக்கச் சொல்ல முடியாது. துரைக்கண்ணுவக் கேளுங்க. அவர் அனுப்பினா போகட்டும்."

துரைக்கண்ணு அனுப்புப் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ஜன்னலுக்கு வெளியே விடுவது அவர் வேலை. எந்தப் போனாலும் முழு ஊரையும் ஒரே வாயில் விழுங்க முடியாது. கேட்கிற சதுரத்தை மட்டும் கொடுக்க வேண்டும். காற்று பார்த்துக்கொள்ளும்.

அவர் வளைவை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"அனுப்பலாம் சார். ஆனா போய்ச் சேராது."

"ஏன்?"

"சதுரம் தானாப் போகாது. யாராவது அந்த எடத்தத் தேடணும். தேடுற போனுக்குத்தான் போகும். இத யாரு தேடுறா?"

அவர் கண்ணை மூடிக் காற்றில் காதை வைத்தார். "மூணு வருஷத்துல ஒரே ஒரு போன் தேடியிருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள். வழி காட்டுன்னு கேட்டிருக்காங்க. நாங்களும் காட்டியிருக்கோம். கிளம்பாம மூடிட்டாங்க."

"யாருன்னு தெரியுமா?"

"அதெல்லாம் நாங்க பாக்குறதில்ல" என்றார் துரைக்கண்ணு, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அந்தத் தீபாவளிக்குப் பூவலிங்கம் குழந்தைக்குப் பாவாடைத்துணி எடுத்திருந்தார். ஒரு டப்பா அல்வாவும் வாங்கியிருந்தார். போன் வழி காட்டியதும், வா என்று அவர்கள் சொல்லவில்லையே என்று தோன்றிவிட்டது. அல்வாவை அவரே நின்றுகொண்டு சாப்பிட்டார். பாவாடைத்துணி பீரோவில் இருந்தது.

"கையில கொண்டு போயிருங்க சார்" என்றார் துரைக்கண்ணு. "அனுப்புறதவிட அதுதான் வேகம்."

பூவலிங்கம் வளைவை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். ஒரு முனை சுற்றுக்குள் அடங்காமல் அடுத்த சீட்டுக்காரரின் முழங்காலில் போய் உட்கார்ந்தது. கண்டக்டர் வந்தார்.

"என்னங்க அது?"

"தெரு."

"தெருவுக்கு லக்கேஜ் போடணும்."

"கொஞ்சந்தான் இருக்கு. வளைவு மட்டும்."

"நேரா இருந்தா விட்டுருப்பேன்" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார்.

பஸ் நேராகப் போயிற்று. எல்லாத் தெருவும் நேராகிவிட்டதால் டிரைவருக்கு ஸ்டியரிங்கைத் தொடும் வேலை இல்லை. அதில் அவர் பனியனைக் காயப்போட்டிருந்தார். பயணிகள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தூங்கினார்கள்.

போன் அடித்தது.

"கெளம்பிட்டியாண்ணே?"

"பஸ்ல வந்துட்டு இருக்கேன். பாப்பா பசியா இருக்காளா?"

"அவ ஏழாவது பாஸாயிட்டா."

"காலையிலதான தாயி போன் பண்ண?"

"அது அந்தக் காலையிலண்ணே" என்றாள் செண்பகவல்லி. குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "பெரியவுக ஏதோ மாத்து ஏற்பாடு பண்ணிக்கிடலாம்னு சொல்லுதாக. நாந்தான் ஒத்துக்கிடல. அண்ணன் வரும்னு சொல்லிருக்கேன்."

பூவலிங்கம் டிரைவரிடம் போய்க் கொஞ்சம் வேகமாகப் போக முடியுமா என்று கேட்டார். பனியன் இன்னும் காயவில்லை என்றார் டிரைவர்.

இறங்கிய இடத்தில் தெரு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியதுபோல் கிடந்தது. ஒட்டிய இடம் எங்கே என்று தேடினார். குனிந்து பார்த்தார். மண்டியிட்டு விரலால் தடவினார். அவர் வேலை அவ்வளவு சுத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் மோசமாக வேலை பார்த்திருக்கலாம் என்று நினைத்தார்.

ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் உத்தேசமாக வளைவை வைத்து அழுத்திப் பார்த்தார். தெரு பிளந்து வழி விட்டது. உள்ளே ஒரு வீடு. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் ஓடி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்காரரோட தம்பியா?"

"இல்லைங்க."

"அவரா இருக்குமோன்னு பாத்தேன். பரவால்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இங்கேயும் ஒரு வளைவை அவர்தான் வெட்டியிருந்தார். எப்போது வெட்டினார் என்பது நினைவில்லை. அவர் தன் வளைவைப் பிய்த்து எடுத்ததும் தெரு மூடிக்கொண்டது. அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கென்று வேறு வளைவும் கையில் இல்லை. இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் யாரோ சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

செல்போனை எடுத்து வழி கேட்டார். நேராகச் செல்லவும் என்றது.

மறுபடியும் தங்கை கூப்பிட்டாள். கனிஷ்கா காலேஜ் முடித்துவிட்டாளாம். வேலைக்குப் போகிறாளாம். எந்தத் தெரு வழியாகப் போகிறாள் என்று இவர் கேட்கவில்லை.

"காது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"வாண்ணே" என்றாள் கடைசியில்.

பூவலிங்கம் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பால் காய்ச்சிய அன்று கோபத்தோடு நடந்து வந்ததை நினைத்துப் பார்த்தார். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கோபம் அப்படித்தான், ஒரு புள்ளிகூடக் கழியாமல் அப்படியே இருந்தது. அன்று பசியோடு வந்து ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். யாராவது பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்று காத்திருந்தார். கழுத்து வலிக்கும்வரை இடப்பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

கட்டைச் சுவர் இப்போதும் அங்கேயே இருந்தது. அதில் உட்கார்ந்தார். கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. அது திரும்பிய இடத்தில் போய் வளைவை வைத்தார். சட்டைப் பித்தான் துளைக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்துகொண்டது.

தெரு வளைந்தது. மூன்று வீடுகள். நடுவீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். துணி வெளுத்துச் சாயம் போயிருந்தது. தங்கை வாசலில் நின்றாள். தலை முழுக்க நரை. காலையில் போன் எடுத்த அதே பூவலிங்கத்தை அவள் மேலும் கீழும் பார்த்தாள். அவரைவிட மூத்தவளாகிவிட்டிருந்ததால் எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்சம் தயங்கினாள்.

"வாங்க" என்றாள்.

"செம்பகம்" என்றார் அவர்.

"அன்னைக்கும் உங்களக் கூப்பிட வந்தேன்" என்றாள் அவள். "தனி இலை போட்டு வச்சிட்டு இந்தத் திருப்பம் வரைக்கும் வந்தேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஆளு தெரியல. போயிட்டீகன்னு திரும்பிட்டேன்."

கட்டைச் சுவர் அங்கிருந்து பத்து எட்டு தூரம்தான். பூவலிங்கம் அதைச் சொல்லவில்லை. சொல்லி இனி என்ன ஆகப் போகிறது.

கூடத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஜிமிக்கி ஆடியது. நன்றாக, நேராகக் குத்திய காது. முத்துக்காளையின் மூக்கு. நெற்றி மட்டும் பூவலிங்கத்தின் நெற்றி.

"யாரும்மா?" என்றாள் கனிஷ்கா.

செண்பகவல்லி அண்ணனைப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்று நின்றாள். அவர் வாயைத் திறந்தார். கையிலிருந்த ஈரத்துண்டுதான் சொட்டியது.

"தெருவக் கொண்டுவந்து போட்டிருக்காரு" என்றாள் செண்பகவல்லி.

"அப்படியா. ரொம்பக் கஷ்டப்பட்டோம்ங்க. ஆபீஸ்ல இருந்து அனுப்புனாங்களா?"

"ஆமா" என்றார் பூவலிங்கம்.

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. தேக்கு நாற்காலி. புது வேட்டி சுற்றி, சட்டை மாட்டி, துண்டு போட்டு, சந்தனம் வைத்திருந்தார்கள். ஒரு கால் குட்டை, அதனடியில் அட்டை மடித்து வைத்திருந்தது. பூவலிங்கம் அதை நோக்கிப் போனார்.

"அதுல வேண்டாங்க" என்றாள் கனிஷ்கா, மரியாதையாக. "அது எங்க மாமா."

அவர் நின்றார்.

"அம்மா ரொம்ப நாள் ஒத்துக்கிடலையாம். பெறகு வேற வழியில்லன்னு வச்சாங்க. இவரு மடியில உக்காந்துதான் எனக்குக் காது குத்துனது. கல்யாணத்துக்கு மேடையில எங்கூடவே நின்னாரு. எங்க வீட்டு விசேஷம் ஒண்ணுகூட இவரு வராம நடந்தது கெடையாது."

பூவலிங்கம் நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடி இரண்டும் பிடித்துப் பிடித்துப் பளபளப்பாகியிருந்தன. அதில் சாய்ந்து ஒரு குழந்தை அழுதிருக்கிறது, தூங்கியிருக்கிறது. அவரால் அதன்மேல் கோபப்பட முடியவில்லை.

"நல்ல மாமா" என்றார்.

செண்பகவல்லி காபி கொண்டுவந்தாள். முதல் டம்ளரை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். இரண்டாவதை அவரிடம் கொடுத்தாள். எதிரே பாயை விரித்துவிட்டு உள்ளே போனாள்.

பூவலிங்கம் பாயில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு வணக்கம் சொன்னார்.

"மாமா அதிகம் பேச மாட்டாரு" என்றாள் கனிஷ்கா. "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் காபியைக் குடித்தார்.