துளசிங்கம் அண்ணன் வீட்டு ஓலை

குருத்தோலை ஞாயிறு என்றால் எனக்கு இயேசுவுக்கு முன்னால் துளசிங்கம் அண்ணன்தான் நினைவுக்கு வருவார். ஞானோபதேச வாத்தியார் இப்படிச் சொல்லக் கூடாது; சொல்லிவிட்டேன்.

எங்கள் சேலையூர்க் கோயிலுக்கு வருஷா வருஷம் ஓலை அவர் தோப்பிலிருந்துதான். முதல் நாள் மாலை என் டிவிஎஸ் வண்டியில், ஓலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவார். கேம்ப் ரோடு முழுக்கக் கிண்டல்தான். "ஒங்க சாமி கழுதை மேல வந்தாரு. ஓலை டிவிஎஸ்ல வருது பாத்தியா வாத்யாரே!" பவனி முடிந்ததும் மந்திரித்த ஓலை ஒன்றை அவர் கையில் கொடுப்பேன். தோப்பு அடுக்குமாடி ஆன பிறகும், படப்பைப் பக்கம் போய் வெட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சாயங்காலங்களுக்காக இப்போதும் மனசு ஏங்குகிறது.

தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பூசையில் இறந்தவர்கள் பெயரோடு அவர் பெயரையும் வாசிக்கச் சொல்லி ஃபாதர் ஜோஸ்வினிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, ரோமில் படித்தவர்.

"பூசை வைக்கத் தடையில்ல சார். மைக்ல பேர் படிச்சா நாலு பேர் கேள்வி கேப்பாங்க. மத்த மதத்தவங்களுக்கும் மீட்படைய வாய்ப்பு இருக்குன்னு திருச்சபையே சொல்லுது."

"வாய்ப்பா? அவர் என்ன லாட்டரிச் சீட்டா வாங்கினார், ஃபாதர்?"

கோபமாகத் திரும்பிவிட்டேன். உள்ளுக்குள் பயம். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான்.

தவக்காலம் நெருங்கியபோது அவர் மனைவி தாயாரம்மாள் ஒரு பை நிறையக் காய்ந்த ஓலையோடு வந்தார்.

"பெருமாள் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தாரு. நீங்க குடுத்தது. தூக்கிப் போட மனசு வர்ல சார்."

நாங்கள் பழைய ஓலையை வருஷந்தோறும் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதை எரித்துத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசச் சாம்பல். இதை அண்ணனுக்கு நான் சொன்னதே இல்லை. அதனால் அத்தனை வருஷத்து ஓலையும் பையில் இருந்தது.

கிளம்பும்போது தாயாரம்மாள் கேட்டார்: "அவரு வைகுண்டத்துல இருப்பாரு. நீங்க ஒங்க மோட்சத்துக்குப் பூடுவீங்க. அப்ப ரெண்டு பேரும் பாத்துக்கவே முடியாதா?"

பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன்.

பையை ஃபாதரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மற்ற ஓலைகளோடு அதையும் சேர்த்துத் தானே தீ வைத்தார்.

புதன்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. துளசிங்கம் அண்ணன் பெயரை யாரும் வாசிக்கவில்லை. ஆனால் அவர் வீட்டு ஓலை எல்லார் நெற்றியிலும் இருந்தது; யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

நெற்றியைத் துடைக்காமல் நேராகத் தாயாரம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"நிச்சயமா பாத்துக்குவோம் அண்ணி," என்றேன். "அண்ணன்தான் மொதல்ல கிண்டல் பண்ணுவாரு."