இடது கைக்கு ஒரு சிவப்பு ரிப்பன்

ஒருவர் மேல் ஒன்பது வருடம் கோபத்தை ஆறாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நடுவில் பிள்ளைக்குப் பரீட்சை வரும், வீட்டுக் குழாய் ஒழுகும், ஒரு நல்ல தூக்கம் வந்து பாதிக் கோபத்தைக் கொண்டுபோய்விடும். அவளுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அவள் மறந்தாலும் ஆபீஸ் மறக்க விடாது. காலை ஆறே முக்காலுக்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் யாராவது ஒருத்தர் "வா தொப்பு" என்பார். கோபம் அன்றைக்கும் புதுப்பாலாகப் பொங்கிவிடும்.

தொப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கேப்டன் வைத்தது.

ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, பெரிய பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. பதினாலு பேர். பதிமூன்று ஆண்களுக்கு மோட்டார்பைக், அவளுக்கு மட்டும் சின்ன ஸ்கூட்டர். கேப்டன் கப்பலையும் கண்டதில்லை, கிரிக்கெட் மட்டையையும் தொட்டதில்லை. ஓட்டுகிறவர்களுக்குத் தலைவர், அவ்வளவுதான். மீசையும் தோல் ஜாக்கெட்டுமாக, வண்டியில் உட்கார்ந்தால் அதை அவரே பெற்று வளர்த்த மாதிரி ஒரு பார்வை.

அங்கே எல்லோரும் கண் வைக்கிற வேலை ஒன்று உண்டு. நீள ரூட். தொலைவில் இருக்கிற நாலு ஆஸ்பத்திரிகளைப் புறவழிச்சாலையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சிக்னல் கிடையாது, லிஃப்ட் பழுதான கட்டடங்களில் மாடி ஏறுகிற வேலை கிடையாது, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீடு. சின்ன ஸ்கூட்டருக்குப் புறவழிச்சாலையில் அனுமதி இல்லை என்பதால் மோட்டார்பைக் தேர்வில் ஜெயித்தவருக்குத்தான் அது கிடைக்கும். பல வருடமாக அது கேப்டனிடமே இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் அந்தத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். தம்பியின் பைக்கில் மூன்று மாதம், விடிந்தும் விடியாமலும் மைதானத்தில் பழகினாள். தையற்காரரான அவள் கணவர், ஊசி பிடித்துப் பழகிய கையால் பின்சீட்டைப் பிடித்தபடி கூடவே ஓடினார். மூன்றாம் மாதம் அவரை விட்டுவிட்டு அவள் தனியாகப் பறந்தாள்.

தேர்வு ஆபீஸ் பின்கட்டில் நடந்தது. எட்டுக் கூம்புகள், ஆபீஸ் பைக், டீ கிளாஸோடு கேப்டன். மூன்றாவது கூம்பில் திரும்பும்போது அவள் கிளட்சை முழுதாகப் பிடித்தாள். வண்டி கேட்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. அடுத்த நிமிடம் அவள் கீழே, வண்டி மேலே.

"தொப்புனு விழுந்துட்டியேம்மா!" என்றார் கேப்டன். பின்கட்டே சிரித்தது. இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது.

படிவத்தில் அவர் எழுதினார்: 'கை பழகவில்லை. நகருக்குள் மட்டும். மறுதேர்வு: வேண்டாம்.' மேலாளர் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படிக்கிற ஆள் இல்லை. அவரையே வேலையை விட்டுத் தூக்குகிற உத்தரவை நீட்டினாலும் கீழே கிறுக்கிவிட்டு "அடுத்தது" என்பார்.

இரண்டு வருடம் கழித்துத்தான் மெக்கானிக் வாயைத் திறந்தார். மனசு உறுத்தியிருக்க வேண்டும். அவளுடைய ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"உன் மேல தப்பில்லம்மா. முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் என்கிட்ட ஸ்பானர் வாங்கிட்டுப் போனாரு. காலையில பாத்தா கிளட்ச் கேபிள் தொளதொளன்னு இருந்துச்சு. நீ எவ்வளவு பிடிச்சாலும் வேலை செஞ்சிருக்காது."

"அப்பவே ஏன் சொல்லலைண்ணே?"

"சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "தொப்பு விழுந்ததுக்குக் கதை கட்டுறா" என்று இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள். குளிர்ந்த காலைகளில் மணிக்கட்டு வலிக்கும்போது அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொள்வாள்.

இந்த வருடம் பரிசோதனைக்கூடத்திலிருந்து புகார் வந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கி ரத்தம் கெட்டுப்போகிறதாம். நிர்வாகம் மோட்டார்பைக்குகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு, முந்நூறு சிசி பெரிய ஸ்கூட்டர்களை இறக்கியது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, குளிர்பெட்டி வைக்கக் காலடியில் தாராளமாக இடம். இந்த இன்ஜினுக்குப் புறவழிச்சாலையிலும் அனுமதி உண்டு. எல்லோருக்கும் புதிதாகத் தேர்வு.

"தேர்வு நீயே வச்சிடு. இங்க ஸ்கூட்டர் தெரிஞ்சது உனக்கு மட்டும்தானே?" என்று மேலாளர் படிவக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "அடுத்தது!"

அவள் அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். தன் பிள்ளையைக்கூட அவ்வளவு ஆசையாகத் தூக்கியிருப்பாளா தெரியாது.

மோட்டார்பைக்கில் இடது கைப்பிடியில் இருப்பது கிளட்ச். ஸ்கூட்டரில் அதே இடத்தில் இருப்பது பின் பிரேக். வருடக்கணக்கில் பைக் ஓட்டிய கை, திருப்பம் வந்ததும் உத்தரவுக்குக் காத்திருக்காமல் இடது பிடியை முழுசாக இறுக்கிவிடும். திருப்பத்தின் நடுவில் வண்டி செத்து நிற்கும். நூற்றெண்பது கிலோவை எந்த மீசையாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. அன்று அவள் இடது கை பிடித்தும் வண்டி நிற்கவில்லை. கேப்டனின் இடது கை பிடித்தால் வண்டி நின்றே தீரும். ஸ்பானரைத் தொட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

ஆனால் மற்ற பன்னிரண்டு பேர் என்ன பாவம் செய்தார்கள்? பிடியில் எதையாவது சுற்றிவைத்தால் விரல் பட்டதும் கைக்கு ஞாபகம் வந்துவிடும். அதை அவள் மெக்கானிக்கிடம் சொன்னாள்.

"கறுப்பு டேப் தரேன். சுத்திடலாம்" என்றார் அவர்.

"கறுப்பு டேப்னா யாரும் பிய்க்க மாட்டாங்கண்ணே."

மெக்கானிக் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு டேப்பைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

வீட்டில் கணவரின் துணிப்பெட்டியைக் கிளறி, பளபளவென்று ஒரு சிவப்பு ரிப்பன் சுருளை எடுத்தாள்.

"குழந்தைக் கவுனுக்கு வாங்கி வச்சது. உனக்கு எதுக்கு?"

"கேப்டனுக்குக் கட்டிவிடணுங்க."

அவர் தையல் மெஷினை நிறுத்தினார். "இன்னும் அதை விடலையா நீ?"

"கை வலிக்கிறது எனக்குத்தானே?"

அவர் கத்தரிக்கோலை எடுத்து, பதிமூன்று துண்டுகளை அளவெடுத்து வெட்டிக்கொடுத்தார்.

தேர்வன்று காலை பின்கட்டில் அதே எட்டுக் கூம்புகள். ஒவ்வொரு வண்டியின் இடது பிடியிலும் பூப்போல முடிச்சிட்ட சிவப்பு ரிப்பன். அவள் ஒவ்வொருவருக்கும் ஒரே வரியைச் சத்தமாகப் படித்தாள்: "இடது பிடி கிளட்ச் அல்ல, பிரேக்." அதன் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள். "என் பொண்ணு ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கு" என்று ஒருத்தர் சிரித்தார். ஆனாலும் திருப்பத்தில் ரிப்பன் விரலில் பட, எல்லோருடைய கையும் சுதாரித்துக்கொண்டது. பன்னிரண்டு பேரும் தேறினார்கள்.

கடைசியாகக் கேப்டன். அவள் வரியைப் படித்தாள். அவர் அதைக் காதில் வாங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ரிப்பனைப் பார்த்தார்.

"ஏம்மா தொப்பு, முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்குப் பூ வச்சு விடுறியா?"

"பாதுகாப்புக்குத்தான் கேப்டன். இருக்கட்டும்."

"இதை ஓட்டுறதுக்கு ஓட்டத் தெரியணுமா என்ன? சோபாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு." ரிப்பனைப் பிய்த்து அவள் காலடியில் எறிந்தார்.

ஒரு வார்த்தை சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. எலும்பு உடையட்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை; வேண்டிக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டாள்.

முதல் கூம்பு, இரண்டாவது கூம்பு. கேப்டன் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். மூன்றாவதில் திரும்பும்போது அவர் இடது கால் இல்லாத கியரைத் தேடிக் காற்றில் துழாவியது. இடது கை இறுகியது. வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது, அப்படியே சாய்ந்தது. தொப்.

முதலில் சிரித்தவர் மெக்கானிக். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போய் வண்டியைத் தூக்கினார்கள். கேப்டனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"பிரேக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினார்.

"சொன்னேன். நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க." அவள் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள். "என் கிளட்ச் கேபிளைப் பத்திதான் எனக்கு யாரும் சொல்லல."

கேப்டன் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் ஒரு ஸ்பானரைத் துணியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கேப்டனின் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்க்க அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள், அவசரமில்லாமல் பார்த்தாள்.

பிறகு படிவத்தை எடுத்தாள். 'கை பழகவில்லை. நகருக்குள் மட்டும்' என்று எழுதினாள்.

"நடந்தது நடந்துபோச்சு," என்றார் கேப்டன், பாதி ஆளாக. "மறுதேர்வுன்னு ஒரு தேதி போட்டுக் குடும்மா. பழகிக்கிறேன்."

பேனா 'வேண்டாம்' என்ற இடத்துக்கே போனது. அவள் அதை நிறுத்தி, யோசித்து, ஒரு தேதியை எழுதினாள். கேப்டனுக்கு உயிர் வந்தது. அவரே படிவத்தை மேலாளரிடம் எடுத்துக்கொண்டு ஓட, அவளும் பின்னாலேயே போனாள். மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மேசையில் கிடந்த, அதுவரை கேப்டனிடம் இருந்த நீள ரூட் வண்டிச் சாவியை மேலாளரே எடுத்து, எதிரில் நின்றவள் கையில் கொடுத்தார். "அடுத்தது!"

கேப்டன் அப்போதுதான் படிவத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். நாள் சரி. மாதமும் சரி.

"ஏம்மா, வருஷம் தப்பா இருக்கே?"

"இல்ல கேப்டன். எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். இடது கை விரல்கள் ஐந்தோடு தீர்ந்தன. ஓய்வுபெற அவருக்கு மிச்சமிருந்ததும் அந்த ஐந்து வருடம்தான். மீதி நாலுக்கு அவர் வலது கையை விரித்தார்.